கடல் எந்தப் பக்கம்? எண்ணூர் முகத்துவாரத்தில் பந்து எறியும் பெண்கள்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு சின்ன வீடியோ. ஆடிக்கொண்டிருக்கும் படகில் நின்றபடி ஒரு பெண் முட்டை வடிவப் பந்தை எறிகிறாள். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் இன்னொருத்தி அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கிறாள். பின்னால் புகைபோக்கிகள், அதற்கும் பின்னால் வெள்ளையாக ஒன்றுமில்லாத வானம். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு அப்படியே தூங்கிப்போனேன். கனவிலும் அந்தப் பந்து வந்துகொண்டே இருந்தது, யார் கையிலும் விழவில்லை.

நான் கோவைக்காரி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபிளாக் ஃபுட்பால் ஆடுகிறேன். அமெரிக்க ஃபுட்பாலின் சாதுவான தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் யாரும் யார் மீதும் விழுந்து புரள வேண்டாம், எதிராளியின் இடுப்பில் தொங்கும் ரிப்பனை உருவினால் போதும். ஆட்டத்தில் முதலில் பந்தை வாங்கி, ஓடிக்கொண்டிருக்கும் தன் ஆளுக்குக் குறிபார்த்து எறிபவர்தான் குவார்ட்டர்பேக். எங்கள் அணியில் அது நான். நாற்பது தாண்டிவிட்டது, ஒரு முட்டி எப்போதும் முனகுகிறது, எறியும் பந்து போக வேண்டிய இடத்துக்கு ஒரு கஜம் முன்னாலேயே களைத்து விழுகிறது. அந்தப் பெண்ணின் பந்து மட்டும் எப்படிப் போகிறது என்று பார்த்தே தீர வேண்டும் என்று தோன்றியது. வீடியோ போட்டவருக்குச் செய்தி அனுப்பினேன். "சனிக்கெழம வாங்கக்கா, காசிமேட்டுக்கு, விடிய சொல்ல" என்று, விடியும் நேரத்துக்கே வரச் சொல்லிப் பதில் வந்தது. தை மாதக் கடைசி வெள்ளியன்று இரவு ரயில் ஏறினேன்.

சென்ட்ரலில் இறங்கும்போது ஐந்தே கால். காசிமேடு அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் சொச்சம். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டு நூற்றிருபதுக்கு வந்தார்.

"மீன் வாங்கவாமா?"

"இல்லைங்க. ஒரு குவார்ட்டர்பேக்கைப் பார்க்கணும்ங்க."

வண்டியின் வேகம் குறைந்தது. கண்ணாடியில் என்னை ஒருமுறை அளந்தார். "குவார்ட்டர பேக்ல வெச்சிகினு வருவாங்களா? காலங்காத்தால இன்னாமா இது. பாத்தா டீச்சரு மாதிரி கீற."

ராயபுரம் பாலம் வரும்வரை அவருக்கு ஆட்டத்தின் சட்டதிட்டங்களை விளக்கிக்கொண்டு வந்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பந்து போடுற பொண்ணுன்னு சொல்லிட்டுப் போயேம்மா" என்றார். அன்று முழுக்க அப்படியே சொன்னேன், எல்லோருக்கும் புரிந்தது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை விடியும் முன் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே நிற்பதற்கு இடம் என்று ஒன்று கிடையாது. கூடைகள் தலைமேல் வரும், ஐஸ் வண்டி முதுகுக்குப் பின்னால் வரும், ஏலம் கூறுபவரின் குரல் நாலா பக்கமும் வரும். விளக்கு வெளிச்சத்தில் எல்லோருடைய கால்களும் ஈரமாக மின்னின. அந்தக் கூட்டத்துக்கு நடுவே, மாநிற முகமும் ஒற்றைப் பின்னலும் ரப்பர் செருப்புமாக, பந்தை இரண்டு கையாலும் நெஞ்சருகே பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்துகொண்டிருந்தாள் ஸ்டெல்லா. வீடியோவில் இருந்தவள் அவள்தான். வயது இருபத்திரண்டு.

முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவள் கண் போன திசையில் பார்த்தேன். தூரத்தில் ஐஸ் லாரியின் மேல் அவள் தோழி பவானி நின்று விரல்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். மூன்று, ஒன்று, நான்கு. ஸ்டெல்லா பின்னோக்கி நடந்தபடியே எண்ணைக் கத்துவாள். காலைப் பார்க்கக் கூடாது. யார் மேலாவது பட்டால் திரும்பவும் முதலில் இருந்து. ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்கின் நிலைமையும் இதேதான். நாலு பேர் பாய்ந்து வருவார்கள், கண் மட்டும் தூரத்தில் ஓடும் தன் ஆளை விட்டு நகரக் கூடாது. வெளிநாட்டில் இதற்கு ரப்பர் கம்பங்கள் நட்டுப் பழகுகிறார்களாம். இங்கே கம்பங்களுக்கு வாய் இருந்தது.

"இன்னாடி, கண்ணு பொடனிலயா கீது? கூடையில கால வெச்ச, மொத்தத்தையும் நீதான் வாங்கிகினு போவணும்!"

திட்டியது வேறு யாருமல்ல, இறால் கூடையோடு உட்கார்ந்திருந்த ஸ்டெல்லாவின் அம்மா. நான் வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. "கோயமுத்தூர்லேந்தா? இதுக்கா? எம்பொண்ணு குவார்ட்டருன்னு தெருவே சொல்லிகினு கீது, நீ வேற வந்துட்டியாமா." கை மட்டும் நிற்காமல் இறாலைப் பெரிது சிறிது என்று பிரித்துக்கொண்டிருந்தது. விஷயத்தையும் அவரே போட்டு உடைத்தார். மறுநாள் ஞாயிறு, மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். எடுத்தால் செவ்வாய்க்கிழமை வெளியூரில் மூன்று வாரப் பயிற்சி முகாம். எடுக்காவிட்டால் திங்கட்கிழமை மணலியில் கண்டெய்னர் யார்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர வேண்டும், அங்கே ஞாயிறும் விடுமுறை கிடையாது. அந்த வேலைக்காக இரண்டு மாதம் அலைந்தவர் அவர்தான். ஸ்டெல்லாவின் அப்பா விசைப்படகில் கடலுக்குப் போனால் பத்து நாள் கழித்துத்தான் திரும்புவார். வீட்டில் முடிவெடுப்பது அம்மா.

"நாளைக்கு ஒரு தபாதான். அப்பால இந்த ரோதனையே வேணாம்" என்றார். ஸ்டெல்லா பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஐஸ் பெட்டியில் இருந்து உருகிய தண்ணீரை அள்ளி அதன் மேல் ஊற்றினாள். வழுக்கும் பந்தை எறிந்து பழகினால் மழையில் கை நழுவாதாம். அன்று முழுக்க அந்தப் பந்திலிருந்து வாளை மீன் வாடை வந்தது.

இட்லி வடைகறி (நாற்பது ரூபாய், வடைகறிக்காகவே இன்னொரு முறை வரலாம், டீ மட்டும் சுமார்) முடித்துக்கொண்டு, ஸ்டெல்லா, பவானி, அவர்கள் அணிப் பெண்கள் இரண்டு பேர் என்று சேர்ந்து ராயபுரம் நிலையத்துக்கு நடந்தோம். பழைய தூண்களுக்கு நடுவே காலை வெயில் சாய்வாக விழுந்திருந்தது, நடைமேடையில் எங்களையும் ஒரு நாயையும் தவிர யாரும் இல்லை. கும்மிடிப்பூண்டி வண்டியில் கத்திவாக்கம் வரை சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம், டிக்கெட் பத்து ரூபாயைத் தாண்டாது. பெண்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் வழக்கம்போலக் கொரட்டூரும் கொருக்குப்பேட்டையும் ஒன்றா என்று யோசித்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே நீண்ட சுவர், அதற்கு மேல் ஒரு சுடர் பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. இதைக் கனவில்தான் பார்க்கிறேன் என்று திரும்பக் கண்ணை மூடிக்கொண்டேன்.

கத்திவாக்கத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் ஷேர் ஆட்டோ, தலைக்கு இருபது. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் சாலையோரம் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசையில் நிற்கின்றன. உள்ளே போக முறை வரும்வரை ஓட்டுநர்கள் வண்டிக்கடியில் தூங்குகிறார்கள், சமைக்கிறார்கள், துணி காயப்போடுகிறார்கள். இந்த லாரிகள்தான் அடுத்த பயிற்சிக்கூடம். வரிசைக்கு இந்தப் பக்கம் ஸ்டெல்லா. அந்தப் பக்கம், காலி மண்ணில், பவானி ஓடுவாள். இரண்டு லாரிகளுக்கு நடுவே ஓர் ஆள் அகல இடைவெளியில் பவானி ஒரு கணம் தெரிவாள், மறைவாள், அடுத்த இடைவெளியில் மறுபடி தெரிவாள். தெரிந்த பிறகு எறிந்தால் பந்து கண்டெய்னரில் மோதும். தெரிவதற்கு முன்பே எறிய வேண்டும். சிவப்புப் பெட்டி, நீலப் பெட்டி, நடுவில் ஒரு கீற்று வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குள் பந்து சுழன்றுகொண்டே நுழையும், அங்கே ஒரு ஜோடிக் கை இருக்கும். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது, பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

"வண்டி எடுக்கறப்ப ஹாரன் அடிக்கிறேன், எல்லாம் ஒதுங்கிக்கணும்" என்று சமைத்துக்கொண்டிருந்த ஓட்டுநர் ஒருவர் சொல்லி வைத்தார். ஒரு பந்து அவர் கண்டெய்னரில் டமாலென்று மோதியபோது, கரண்டியைத் தூக்கிக் காட்டி, "இது என் பெட்டி இல்ல, நசுங்குனா பதில் சொல்றது நானு" என்றார். அதற்குப் பிறகு ஒன்றுகூட மோதவில்லை.

மூன்றரை மணிக்கு முகத்துவாரக்குப்பம். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம். எப்படிச் சொல்வது? ஒரு பக்கம் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் கடல், நடுவில் சாம்பல் கலந்த பால் நிறத்தில் அசையாத தண்ணீர். இடுப்பளவு தண்ணீரில் சிலர் குனிந்து கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள், வாயில் கவ்விய பறிக்கூடை தண்ணீரில் மிதக்க. சத்தமே இல்லை. தூரத்து ஆலை ஏதோ ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது, சற்று நேரத்தில் அதுவும் காதில் விழுவதை நிறுத்திவிட்டது. இந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும், கரையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்த அழகு என்னை என்னவோ செய்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

பவானியின் சித்தப்பாவுடைய ஃபைபர் போட் (டீசலுக்கு முந்நூறு கொடுத்தோம்). ஸ்டெல்லா நடுவில் நின்றாள், இரண்டு பேர் பக்கங்களில் உட்கார்ந்து வேண்டுமென்றே ஆட்டினார்கள். எறியும்போது காலுக்கடியில் உறுதியான தரை இல்லாவிட்டால் தோளால் எறிய முடியாது, இடுப்பு தானாகவே வேலை செய்ய ஆரம்பிக்கும். என் பந்து ஏன் களைத்து விழுகிறது என்று அந்த இடத்தில் புரிந்தது. நானும் எறிந்து பார்த்தேன், இரண்டாவது எறியிலேயே படகுக்குள் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து பந்து பிடிக்க என்னைத் தண்ணீரில் இறக்கினார்கள்.

"அக்கா, கெயக்கால ஓடு!" என்று கத்தினாள் ஸ்டெல்லா.

"எந்தப் பக்கம்ங்க?"

"கெயக்கால! கெயக்க!"

எந்தப் பக்கம் என்று யோசித்து முடிப்பதற்குள் மீன் வாடையடிக்கும் பந்து மூக்கில் வந்து விழுந்தது. ரத்தம் வரவில்லை, மரியாதை மட்டும் போயிற்று. பவானி சிரித்துச் சிரித்துப் படகில் சாய்ந்துவிட்டாள். "ங்க போட்டுகினு இருந்தா பந்து நிக்குமாக்கா?"

இந்த அணியில் வலது, இடது என்று யாரும் சொல்வதில்லை. படகு திரும்பிக்கொண்டே இருக்கும், படகோடு சேர்ந்து வலதும் இடதும் திரும்பும். கடல் மட்டும் திரும்பாது. ஆகவே கடல் பக்கம் ஓடு என்றால் கிழக்கே, ரோடு பக்கம் என்றால் மேற்கே. கெயக்க, மேக்க. இங்கே யாரை எங்கே நிறுத்தினாலும் கடல் எந்தப் பக்கம் என்று தெரியும். மறுநாள் தேர்வில் வெளியூர் ஆட்களோடு ஆட வேண்டுமே, என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"மனப்பாடம் பண்ணிக்கீறேன்க்கா" என்றாள் ஸ்டெல்லா. பவானி ஒப்பிக்க வைத்தாள். "வலதுன்னா கெயக்க. இடதுன்னா மேக்க. அவ்ளோதான் மேட்டரு." ஸ்டெல்லாவும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். சூரியன் புகைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதில் இருந்த பிசகு எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணி. மணலிப் பக்கம் ஒரு பழைய தொழிற்சாலைக் குடியிருப்பின் மைதானம். நாலு பக்கமும் சுவர், மேலே மூட்டமாக வானம். எறிபவர் இடங்கள் இரண்டுக்கு ஐந்து பெண்கள் வந்திருந்தார்கள். ஸ்டெல்லாவுக்குப் பந்து பிடிக்க ஜோடியாகக் கிடைத்தவள் நாமக்கல்லில் இருந்து வந்திருந்த தேன்மொழி, மெலிந்து உயரமானவள், அதிகம் பேசாதவள். பயிற்சியாளர் நரைத்த மீசைக்காரர், சிரிக்கவே கூலி கேட்பவர் போலிருந்தார். அவர் "வலது" என்பார், தேன்மொழி வலப்பக்கம் வெட்டி ஓட வேண்டும், ஸ்டெல்லா அங்கே எறிய வேண்டும்.

முதல் பாதியில் எல்லாம் சரியாகப் போயிற்று. வடக்கே பார்த்து ஆடினார்கள், வலது என்றால் கிழக்கு, பந்து வெண்ணெயாக இறங்கியது. பிறகு பக்கம் மாறினார்கள்.

"வலது!"

தேன்மொழி வலப்பக்கம் ஓடினாள். ஸ்டெல்லா கிழக்கே எறிந்தாள். இப்போது தெற்கே பார்த்து நிற்பதால் கிழக்கு அவளுக்கு இடப்பக்கம். அங்கே எதிரணிப் பெண் ஒருத்தி மட்டும் சும்மா நின்றிருந்தாள், பந்து நேராக அவள் கையில் போய் உட்கார்ந்தது. நான் சுவரோரம் நின்று தலையில் கை வைத்துக்கொண்டேன். ஒரே வார்த்தை, ஒரே எறி.

பயிற்சியாளருக்கு வந்த கோபம் தேன்மொழி மேல். "வலதுன்னா எங்கம்மா ஓடுற? வெளிய வா!" எறிந்தவளுக்கு அவ்வளவு நிச்சயமான கை இருந்ததால், ஓடியவள்தான் தப்பாக ஓடினாள் என்று நினைத்துவிட்டார். தேன்மொழி தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடக்க ஆரம்பித்தாள். கண் நிறைந்திருந்தது. ஸ்டெல்லா ஒன்றும் சொல்லாமல் நின்றிருந்தால் போதும், அவள் இடம் பத்திரம். நின்றாள், இரண்டு மூச்சு அளவுக்கு. அந்த இரண்டு மூச்சில் நான் ஒரு கெட்ட காரியம் செய்தேன், அவள் பேசாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"சார், அந்தப் பொண்ணு கரெக்டாதான் ஓடுச்சி. நான்தான் மாத்திப் போட்டேன்."

"அப்ப உனக்கு வலது இடது தெரியாதா?"

"தெரியும் சார். கடலு மாறிப்போச்சி."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "உண்மையைச் சொன்னதுக்கு மார்க் கிடையாது" என்று தாளில் ஏதோ குறித்துக்கொண்டு, ஆட்டத்தைத் தொடரச் சொன்னார்.

ஸ்டெல்லா தேன்மொழியிடம் போனாள். "நீ எந்தக் கையால சோறு துன்னுவ?"

தேன்மொழி பயந்துபோய் வலது கையைத் தூக்கினாள்.

"நானும் அதே கைதான். சார் வலதுன்னா சோத்தாங்கை பக்கம் ஓடு. நானும் சோத்தாங்கை பக்கம் போடுறேன்."

மனப்பாடம் செய்திருந்த கெயக்கையும் மேக்கையும் அந்த நிமிடமே தூக்கி எறிந்துவிட்டாள். கிழக்கு நம்மோடு திரும்பாது, சோத்தாங்கை திரும்பும். அதற்குப் பிறகு வலது, இடது, திரும்ப வலது. கடைசி எறியில் தேன்மொழி நாலு பேருக்குப் பின்னால் மறைந்துபோனாள். ஸ்டெல்லாவின் கையை விட்டுப் பந்து கிளம்பியபோது அங்கே யாருமே இல்லை. அது வந்து இறங்கியபோது தேன்மொழி இருந்தாள்.

பதினொன்றரைக்குப் பெயர் வாசித்தார்கள். தேன்மொழி தேர்வு. முதல் எறிபவர் மதுரைப் பெண். இரண்டாவது எறிபவர் ஸ்டெல்லா.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காசிமேடு மார்க்கெட்டுக்கு ஐந்தரைக்குள் போய்விடுங்கள், வழுக்காத செருப்பு அவசியம், உள்ளே நின்று படம் எடுத்தால் ஏச்சு நிச்சயம். ராயபுரத்தில் இருந்து எண்ணூர் பக்கம் வண்டிகள் சிறிது இடைவெளி விட்டுத்தான் வரும், நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். மெட்ரோவில் விம்கோ நகர் வரை வந்து அங்கிருந்து ஆட்டோ பிடிப்பதும் வசதிதான். நின்றிருக்கும் லாரிகளுக்கு நடுவே பந்து எறிவதை ஓட்டுநர் சம்மதம் இல்லாமல் முயலவே வேண்டாம், என்ஜின் ஓடும் வண்டி அருகே கூடவே கூடாது. முகத்துவாரத்தில் நீச்சல் தெரிந்தவர் துணை வேண்டும், காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். என் செலவு, ரயில் போக, லாட்ஜோடு சேர்த்து ஆயிரத்து எழுநூறு. படகில் நின்று எறிந்து பழகினால் பந்து தூரம் போகுமா என்று கேட்பவர்களுக்கு: கோவை திரும்பியதில் இருந்து மொட்டை மாடியில் லாரி டியூப் ஒன்றின் மேல் நின்று எறிகிறேன், இரண்டு முறை விழுந்தாயிற்று, பந்து களைக்காமல் போகிறது.

பயணத் தகவலுக்காக வந்தவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அன்று மதியம் ஸ்டெல்லாவோடு அவள் வீட்டுக்குப் போனேன். ராயபுரத்தில் மாதா கோயில் தெருவுக்குப் பின்னால், ஒற்றை அறை, வாசலில் தண்ணீர்க் குடங்கள். அம்மா இறால் குழம்பு வைத்துவிட்டுக் காத்திருந்தார். வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசி வந்த ஸ்டெல்லா, வாசலில் நின்று ஒரே வரியில் சொன்னாள். "எடுத்துட்டாங்கமா. ரெண்டாவதா."

அம்மா கரண்டியை வைத்தார். "ரெண்டாவதுன்னா இன்னா? வெளயாட வுடுவாங்களா, ஒக்கார வெச்சிடுவாங்களா?"

"தெர்லமா. முதல் பொண்ணுக்கு ஏதாச்சும் ஆச்சின்னா வுடுவாங்க."

"அப்ப அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆவணும்னு நான் மாதாகிட்ட கேக்கவா?"

"அம்மா!"

"சம்பளம் குடுப்பாங்களா?"

"இல்லமா. சாப்பாடு, எடம் குடுப்பாங்க."

"யார்டு வேல காத்துகினு கெடக்குமா?"

"கெடக்காதுமா."

நடுவில் பேச எனக்கு என்ன உரிமை? இரண்டு மாதம் அலைந்து வாங்கிய வேலை அது. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, யாரும் அதைக் கவனிக்கவில்லை. வீட்டுக்குள் வெளிச்சம் மங்கலாக, தண்ணீருக்கடியில் இருப்பது போல இருந்தது. அம்மா மகளைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். பிறகு எழுந்து, கட்டிலுக்கடியில் குனிந்து ஒரு பெரிய பையை இழுத்தார். புடவைத் தலைப்பால் அதன் தூசியைத் தட்டினார். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது, இரண்டு முறை இழுத்து ஒரு வழியாகத் திறந்தார்.

"எத்தினி செட்டு துணி வெக்கிறது?" என்றார்.